பட்டியலில் இல்லாத நான்கு பெயர்கள்: தேசிய கலை விருதுக்குள் அரசியல் எந்த வழியாக வருகிறது?

ஒரு கலைஞருக்கு நாட்டின் உயரிய விருது அறிவிக்கப்பட்டால் உடனே கிளம்பும் கேள்வி, "இவருக்குத் தகுதி இருக்கிறதா?" என்பதுதான். ஒரு பக்கம் "இவருக்கா?" என்பார்கள். இன்னொரு பக்கம் "இவருக்கு எப்பவோ கொடுத்திருக்க வேண்டும்" என்பார்கள். ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது. விருதில் அரசியல் புகுந்ததா என்று கண்டுபிடிக்கவும் இது உதவாது. உண்மையிலேயே பெரிய கலைஞர் ஒருவருக்குக் கொல்லைப்புற வழியாக விருது போகலாம். நமக்குப் பெயரே தெரியாத ஒருவருக்கு எல்லாக் கட்டங்களையும் தாண்டி முறையாகவே கிடைக்கலாம். எனவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பெயர் எந்தக் கட்டத்தில், யார் கையால் பட்டியலுக்குள் வந்தது?

இதைப் புரிந்துகொள்ள பிலிப்பைன்ஸில் 2009-ல் நடந்ததைப் பார்ப்பது நல்லது. வேறு பல நாடுகளில் இப்படிப்பட்ட விஷயங்கள் வதந்தியாகவும் முணுமுணுப்பாகவும் நின்றுவிடும். அங்கே வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை போனதால், யாருக்கு எத்தனை ஓட்டு விழுந்தது என்பது உட்பட எல்லாம் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

முதலில் பொதுவான அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். எந்த நாட்டின் கலை விருதாக இருந்தாலும் அதில் பொதுவாக மூன்று வேலைகள் உண்டு. யாராவது ஒருவர் பெயரை முன்மொழிய வேண்டும். கலை தெரிந்தவர்கள் உட்கார்ந்து அலசி வடிகட்ட வேண்டும். கடைசியாக அரசின் தலைவர் கையெழுத்துப் போட்டு, மெடலைக் கழுத்தில் மாட்ட வேண்டும். மூன்றாவது வேலைக்கு அரசு தேவைதான். பணம் அரசுடையது, பட்டம் அரசுடையது, "தேசிய" என்ற சொல்லுக்கு எடை வருவதும் அங்கிருந்துதான். கையெழுத்துப் போட வேண்டியவர் வடிகட்டும் வேலையையும் தானே எடுத்துக்கொள்ளும்போது தலையீடு ஆரம்பிக்கிறது. சில சமயம் வடிகட்ட வேண்டியவர்களையே அவர் முன்கூட்டிப் பார்த்துப் பார்த்து நியமித்துவிடுவார். அது வெளியில் தெரியவே தெரியாது.

பிறந்தது அரண்மனையில்

பிலிப்பைன்ஸின் "தேசியக் கலைஞர்" விருது அதிபரின் பேனாவிலிருந்து பிறந்தது. 1972 ஏப்ரல் 27 அன்று பெர்டினாண்ட் மார்க்கோஸ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். நெல் வயல்களையும் கிராமத்து வெயிலையும் வரைந்து புகழ்பெற்ற ஓவியர் பெர்னாண்டோ அமோர்சோலோ அப்போதுதான் காலமாகியிருந்தார். அவரை முதல் தேசியக் கலைஞராக அறிவித்ததும் அதே பிரகடனம்தான். ஐந்து மாதம் கழித்து, செப்டம்பரில், நாட்டில் ராணுவச் சட்டம் வந்தது. 1973-ல் தேர்வுப் பொறுப்பு பிலிப்பைன்ஸ் பண்பாட்டு மையத்தின் அறங்காவலர் குழுவுக்குப் போனது. மணிலா வளைகுடாவை ஒட்டி நிற்கும் அந்த மையத்தைக் கட்டி எழுப்பி ஆண்டவர் அதிபரின் மனைவி இமெல்டா. அதாவது விருதை உருவாக்கியவர் கணவர், தேர்ந்தெடுக்கும் அமைப்பு மனைவியின் செல்லப்பிள்ளை.

அப்படியிருந்தும் அந்தக் காலத்துப் பட்டியலை வெறும் ஜால்ராக் கூட்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1973-ல் கௌரவிக்கப்பட்டவர்களில் ஒருவர் அமாடோ ஹெர்னாண்டஸ். தொழிற்சங்கத் தலைவர், கவிஞர், கிளர்ச்சிக் குற்றச்சாட்டில் சிறை சென்று பிறகு விடுதலையானவர். அப்போது உயிரோடு இல்லை. இறந்துபோன எதிர்ப்பாளருக்கு மரியாதை செய்வது எந்த அரசுக்கும் சுலபம் என்பதும் நிஜம். அப்புறம் 1982-ல் இலக்கியத்துக்கான தேசியக் கலைஞராக கார்லோஸ் ரொமுலோ அறிவிக்கப்பட்டார். எழுத்தாளர், பத்திரிகையாளர், ஐ.நா. பொதுச் சபைக்குத் தலைமை வகித்தவர். எல்லாம் சரி. ஆனால் விருது வாங்கிய சமயத்தில் அவர் மார்க்கோஸின் வெளியுறவு அமைச்சர். கையெழுத்துப் போட்டவரின் அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தவருக்கே விருது! தகுதி பற்றிய கேள்வி எதையும் தீர்க்காது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்கு இவரே சாட்சி.

அந்தக் காலத்தில் அரசியல் ஒருமுறை எதிர்த் திசையிலிருந்தும் உள்ளே வந்தது. 1976-ல் எழுத்தாளர் நிக் வாக்கினுக்கு விருது தேடி வந்தது. ராணுவச் சட்ட ஆட்சியின் கையிலிருந்து அதை வாங்குவதா, மறுப்பதா? மறுத்தால் ஒருநாள் செய்தி. அவர் வாங்கிக்கொள்கிறேன் என்றார், ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். 1974 முதல் சிறையில் சித்திரவதை அனுபவித்துக்கொண்டிருந்த கவிஞர் ஹோசே லகாபாவை வெளியே விட வேண்டும். லகாபா வெளியே வந்தார். அரசுக்கு இவர் பெயர் தேவைப்படுகிறது என்று தெரிந்ததும் அதையே பேரம் பேசும் சரக்காக்கிவிட்டார் வாக்கின். விருது என்றால் அரசு கொடுக்கிறது, கலைஞர் வாங்கிக்கொள்கிறார் என்று மட்டும் நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான். அரசும் அதில் ஒன்றை வாங்கிக்கொள்கிறது. நல்ல பெயரை.

மார்க்கோஸ் ஆட்சி 1986-ல் மக்கள் எழுச்சியில் விழுந்தது. 1992-ல் ஒரு சட்டம் தேசிய பண்பாடு மற்றும் கலை ஆணையத்தை உருவாக்கியது. விருது விஷயத்தில் அதிபருக்கு ஆலோசனை சொல்வது அதன் வேலைகளில் ஒன்று. அன்றிலிருந்து பண்பாட்டு மையமும் இந்த ஆணையமும் சேர்ந்து தேர்வை நடத்துகின்றன. விதிப்படி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விருது. பெயர் வரவேற்பு, ஆய்வுக் குழு, முதல் சுற்று, இரண்டாம் சுற்று, கடைசியில் இரு அமைப்புகளின் கூட்டுக் கூட்டம் என்று படிப்படியாக வடிகட்டல். ஏற்கெனவே விருது பெற்று உயிரோடு இருக்கும் தேசியக் கலைஞர்களும் கடைசிக் கட்டத்தில் உட்காருவார்கள்.

ஜெயித்தவருக்கு என்ன கிடைக்கும்? பதக்கம், ரொக்கம், வாழ்நாள் முழுக்க மாத உதவித்தொகை, மருத்துவச் செலவு, அரசு விழாக்களில் மரியாதையான இடம். இறந்தால் அரசு மரியாதையுடன் வீரர்கள் மயானத்தில் அடக்கம். வெறும் சால்வையும் கேடயமும் இல்லை என்பதால்தான் இதற்கு இத்தனை அடிதடி.

2009-ல் நடந்தது

அந்த ஆண்டு ஏப்ரல் 3 அன்று முதல் குழு கூடியது. மேஜையில் 87 பெயர்கள். அதை 32 ஆகக் குறைத்தார்கள். ஏப்ரல் 23 அன்று இரண்டாம் குழு 32-ஐ 13 ஆக்கியது. மே 6 அன்று 30 பேர் கொண்ட இறுதிக் குழு ஓட்டுப் போட்டு நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தது. திரைப்பட இயக்குநர் மானுவேல் கோண்டே, காலமானவர், 26 ஓட்டு. இசையமைப்பாளரும் இசை ஆய்வாளருமான ரமோன் சாண்டோஸ், 19 ஓட்டு. நாவலாசிரியர் லாசரோ பிரான்சிஸ்கோ, இவரும் காலமானவர், 15 ஓட்டு. ஓவியர் பெடெரிகோ அகிலார் அல்குவாஸ், 15 ஓட்டு. பட்டியல் அதிபரின் மலக்கான்யாங் மாளிகைக்குப் போனது.

அப்போது அதிபர் குளோரியா மகபகல் அரோயோ. மாளிகையில் விருதுகளுக்கென்று கௌரவக் குழு ஒன்று உண்டு. தேர்வுக் குழுவின் பட்டியல் அந்த மேஜையில் இருக்கும்போதே, வெவ்வேறு தரப்பிலிருந்து வேறு நான்கு பெயர்களுக்கு மாளிகைக்கு நேரடியாகச் சிபாரிசு வந்ததாக அரசு பின்னாளில் நீதிமன்றத்தில் சொன்னது. ஜூலை 6 தேதியிட்ட பிரகடனங்கள் மாத இறுதியில் வெளியே வந்தபோது விருதாளர்கள் ஏழு பேர். தேர்வுக் குழுவின் நால்வரில் மூவர் மட்டும் அதில் இருந்தார்கள். 19 ஓட்டு வாங்கி இரண்டாம் இடத்தில் இருந்த ரமோன் சாண்டோஸைக் காணோம். 15 ஓட்டு வாங்கிய இருவரும் இருக்கிறார்கள், 19 வாங்கியவர் இல்லை. எந்தக் கணக்கில் இது வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்த நால்வரையும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் நால்வரும் ஒரே ரகம் இல்லை.

நாடகத்துக்காக செசில் கிடோட்டே ஆல்வரெஸ். 1967-ல் பிலிப்பைன்ஸின் முக்கியமான நாடக அமைப்பு ஒன்றைத் தொடங்கியவர், 1972-ல் மகசேசே விருது பெற்றவர். நாடகத்துக்கு அவர் செய்ததை யாரும் மறுக்க முடியாது. சிக்கல் என்னவென்றால், 2009-ல் அவர் தேசிய பண்பாடு மற்றும் கலை ஆணையத்தின் செயல் இயக்குநர். தேர்வை நடத்தும் இரண்டு அமைப்புகளில் ஒன்றின் தலைமை அதிகாரி. அந்த அமைப்புகளின் அதிகாரிகளும் ஊழியர்களும் விருதுக்குப் போட்டியிடவே முடியாது என்று விதிமுறையில் எழுதியிருக்கிறது.

காட்சிக்கலைக்கும் திரைப்படத்துக்கும் கார்லோ காபராஸ். காமிக்ஸ் கதாசிரியர், திரைப்பட இயக்குநர். நிஜக் கொலை வழக்குகளை வைத்து எடுத்த மசாலாப் படங்களால் பெயர் வாங்கியவர். அவர் காமிக்ஸுக்குக் கதை எழுதுவார், படம் வரைந்தது வேறு ஓவியர்கள். பிறகு காட்சிக்கலை விருது எதற்கு என்று கேட்டார்கள் எதிர்த்தவர்கள். கட்டடக்கலைக்கு பிரான்சிஸ்கோ மான்யோசா. மூங்கில், தென்னை என்று உள்ளூர்ப் பொருட்களால் நவீனக் கட்டடம் எழுப்பியவர். மணிலாவின் "தேங்காய் அரண்மனை" அவர் வடிவமைத்ததுதான். ஆடை வடிவமைப்புக்கு ஹோசே மொரேனோ, எல்லோருக்கும் "பிடோய்" மொரேனோ. நாட்டின் மேல்தட்டுப் பெண்களுக்கு உடை தைத்துக் கொடுத்துப் புகழ் பெற்றவர்.

இவர்களில் ஒருவர்கூட இறுதிக் கட்டம் வரை வரவில்லை. காபராஸும் மான்யோசாவும் இரண்டாம் சுற்றுக்கான பட்டியலிலேயே இடம்பெறவில்லை.

எதிர்ப்பு பலமாக வந்தது. ஆகஸ்டில் கலைஞர்கள் கறுப்பு உடையில் கூடி, தேசியக் கலைஞர் விருதுக்கே இறுதி ஊர்வலம் நடத்தினார்கள். விருது செத்துவிட்டது, அடக்கம் செய்ய வந்திருக்கிறோம் என்று. உயிரோடு இருந்த தேசியக் கலைஞர்கள் சிலரும் வீதிக்கு வந்ததும் வழக்குப் போட்டதும்தான் இதில் விசேஷம். கவிஞர் விர்ஜிலியோ அல்மாரியோ, விமர்சகர் பியென்வெனிடோ லும்பேரா, ஓவியர் பெனடிக்டோ கப்ரேரா, சிற்பி நெப்போலியன் அபுவேவா போன்றவர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆகஸ்ட் 25 அன்று நீதிமன்றம் இருந்த நிலையே தொடரட்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது.

அரசின் வாதம் எளிமையானது. குழு தருவது பரிந்துரைதான். முடிவு அதிபருடையது, அது அவருடைய தனி உரிமை. கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். பரிந்துரை என்றாலே ஏற்றாலும் ஏற்கலாம், விட்டாலும் விடலாம் என்றுதானே அர்த்தம்?

இங்கேதான் தீர்ப்பு உதவுகிறது. 2013 ஜூலை 16 அன்று வந்தது. ஆம், பரிந்துரையை ஏற்பதும் ஏற்காமல் விடுவதும் அதிபரின் விருப்பம் என்று நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த விருப்புரிமை தேர்வு முறையையே தாண்டிக் குதிக்கும் அளவுக்கு நீளாது. சட்டம் இரண்டு அமைப்புகளிடம் ஒரு வேலையைக் கொடுத்திருக்கிறது, அவை விதிமுறை வகுத்திருக்கின்றன, சட்டங்களை உண்மையாக நிறைவேற்றுவது அதிபரின் அரசியலமைப்புக் கடமை. ஆகவே அந்த விதிமுறை அதிபரையும் கட்டும். அதை ஓரம் தள்ளிவிட்டு நால்வருக்கு மட்டும் தனிப்பாதை போட்டது சமத்துவத்துக்கு விரோதம், அதிகாரத்தைக் கடுமையாகத் தவறாகப் பயன்படுத்தியது. நால்வருக்கான பிரகடனங்களும் செல்லாது.

சுருக்கமாக, அதிபர் பட்டியலைச் சிறியதாக்கலாம், பெரியதாக்க முடியாது.

வழக்குப் போட்டவர்களுக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்பதும் சுவாரஸ்யம். இவர்களிடமிருந்து எதுவும் பறிக்கப்படவில்லை. மாத உதவித்தொகை குறையவில்லை, பதக்கம் வீட்டிலேயேதான் இருக்கிறது. ஆனாலும் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்குப் பாதிப்பு உண்டு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. முறைகேடாக ஆட்கள் உள்ளே வந்தால் உள்ளே இருப்பவர்களின் பட்டத்துக்கும் மதிப்பு நீர்த்துப்போகும். கள்ள நோட்டு புழங்கினால் நம் பையில் இருக்கும் நல்ல நோட்டையும் கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார் அல்லவா, அதே கதைதான்.

தீர்ப்பின் கடைசியில் இன்னொரு விஷயம் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. இந்த நால்வரும் தகுதியற்றவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை, முறைப்படி வந்தால் வருங்காலத்தில் இவர்கள் இந்த விருதைப் பெற எந்தத் தடையும் இல்லை என்று நீதிபதிகள் தெளிவாக எழுதினார்கள். அதை வெறும் மரியாதை வார்த்தை என்று நினைத்தால், 2018-ஐப் பாருங்கள். அந்த ஆண்டு ஏழு பேருக்கு விருது. கட்டடக்கலைக்கு வாங்கியவர் பிரான்சிஸ்கோ மான்யோசா! ஒன்பது ஆண்டுக்கு முன் எந்த மனிதருக்குக் கொடுத்தது செல்லாது என்று ஆனதோ, அதே மனிதர், இந்த முறை முன்வாசல் வழியாக. 2019 பிப்ரவரியில் காலமானார்.

ரமோன் சாண்டோஸுக்கும் 2014-ல் விருது கிடைத்தது. மாளிகை அடித்துவிட்ட பெயர், ஆட்சி மாறியதும் திரும்பி வந்தது.

"மேட்டுக்குடி" வாதம்

காபராஸ் தரப்பு சொன்ன ஒரு வாதத்தை அப்படியே தள்ளிவிடக் கூடாது. காமிக்ஸும் மசாலாப் படமும் ஏழை எளியவர்கள் படித்ததும் பார்த்ததும். பல்கலைக்கழகத்திலும் பண்பாட்டு மையத்திலும் உட்கார்ந்திருக்கும் படித்த கூட்டம் அதைக் கலையாகவே மதிப்பதில்லை. அப்படிப்பட்டவர்கள் காவல் காக்கும் வாசலில் மக்கள் கலைஞன் எப்படி நுழைவான்? மக்கள் ஓட்டில் வந்த அதிபர் அவனுக்காகக் கதவைத் திறந்தால் தப்பா?

இதில் உண்மை இல்லாமல் இல்லை. எந்தத் தேர்வுக் குழுவிலும் ஒரு கோஷ்டி இருக்கும். மாணவர், ஆசிரியர், அவர்கள் நண்பர்கள் என்று சுற்றிச் சுற்றி ஒரே வட்டத்துக்குள் விருது புரளும். அரசியல்வாதி இல்லாவிட்டால் தேர்வு தானாகவே சுத்தமாகிவிடும் என்று நம்புவது வெகுளித்தனம்.

ஆனால் காமிக்ஸ் விஷயத்தில் இந்த வாதம் நிற்கவில்லை. 2014-ல் விருது பெற்றவர்களில் ஒருவர் பிரான்சிஸ்கோ கோசிங். பல ஆண்டுகள் வார இதழ்களில் காமிக்ஸ் எழுதியவர், தானே வரைந்தவர், 1998-ல் காலமானவர். 2018 பட்டியலில் கேலிச்சித்திரக்காரர் லாரி அல்காலா இருந்தார். கிராமத்துச் சந்தை, நெரிசல் பஸ், திருவிழா என்று ஒரு பக்கம் முழுக்க ஆட்களாக நிரப்பி வரைந்து, அந்தக் கூட்டத்தில் எங்காவது ஒரு மூலையில் தன் முகத்தையும் ஒளித்துவைப்பார். வாசகர்கள் வாராவாரம் அவரைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். இதைவிட மக்கள் கலை வேறென்ன வேண்டும்? குழு வழியாகவே வந்தார்கள் இவர்கள். தாமதமாக வந்தார்கள், இருவருமே தாம் இறந்த பிறகுதான் வந்தார்கள், அந்தக் குறையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வாசல்கள் இன்னும் சில

பெயரைச் சேர்ப்பது தலையீட்டின் மிகக் கரடுமுரடான வடிவம். எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதால் மாட்டிக்கொள்வதும் சுலபம். இன்னும் நாசூக்கான வழிகள் உண்டு.

ஒன்று, புதுப் பிரிவையே உருவாக்குவது. 1997-ல் அதிபர் ஃபிடல் ரமோஸ் "வரலாற்று இலக்கியம்" என்று ஒரு பிரிவை உத்தரவு போட்டு உருவாக்கி, அதில் வரலாற்றாசிரியர் கார்லோஸ் குய்ரினோவுக்கு விருது கொடுத்தார். வரலாறு எழுதுவதும் கலைதான் என்று வாதிடலாம். இருந்தாலும் ஒருவரின் அளவுக்குத் தைத்த சட்டை போல இருந்தது என்பதை மறைக்க முடியாது.

இரண்டாவது, குழுவையே நியமிப்பது. பண்பாட்டு மையத்தின் பழைய சட்டப்படி, அறங்காவலர் இடம் காலியானால் மிச்சமிருக்கும் அறங்காவலர்களே புதியவரைத் தேர்ந்தெடுக்கலாம். 1998 கடைசியில் அதிபர் எஸ்ட்ராடா அதைப் பொருட்படுத்தாமல் புதிய அறங்காவலர்களை நியமித்தார். பழைய அறங்காவலர்கள் வழக்குப் போட்டார்கள். 2006-ல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? அறங்காவலர்களை நியமிக்கும் அதிகாரம் அதிபருக்கே, ஒரு குழு தன் சக உறுப்பினர்களைத் தானே தேர்ந்தெடுப்பது அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்றது. சட்டக் கண்ணோட்டத்தில் அது சரியாகவே இருக்கலாம். விளைவைப் பாருங்கள்: 2013 தீர்ப்பு அதிபர் பட்டியலில் பெயர் எழுதக் கூடாது என்கிறது. 2006 தீர்ப்போ பட்டியல் எழுதுபவர்களில் ஒரு பகுதியை அவர் நியமிக்கலாம் என்கிறது. பொறுமை இருக்கும் அதிபருக்கு இரண்டாவது வழியே போதும், எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்காது. என்னைப் பொறுத்தவரை விருதுத் தலையீடு பற்றிப் பேசும்போது நாம் அதிகம் கவனிக்காமல் விடுவது இதைத்தான். அறிவிப்பு வந்த நாளில் கொதித்தெழுகிறோம். மூன்று ஆண்டுக்கு முன் குழுவில் யார் யார் உட்காரவைக்கப்பட்டார்கள் என்ற செய்தி உள்பக்கத்தில் சின்னதாக வந்தபோது யாரும் படித்திருக்க மாட்டோம்.

மூன்றாவது வழி, பெயரை நீக்குவது. சாண்டோஸுக்கு நடந்தது அதுதான். அதைவிடப் பெரிய சத்தம் எழுந்தது நோரா அவுனோர் விஷயத்தில்.

பிலிப்பைன்ஸில் "சூப்பர்ஸ்டார்" என்றால் அவர்தான். பிகோல் பகுதியில் இரிகா ரயில் நிலையத்தில் பயணிகளுக்குத் தண்ணீர் விற்ற சிறுமி. பாட்டுப் போட்டியில் ஜெயித்து சினிமாவுக்கு வந்தார். வெள்ளைத்தோல் கதாநாயகிகளே திரையை ஆண்ட காலத்தில், குள்ளமான, கறுத்த இந்தப் பெண்ணுக்காக ரசிகர்கள் பைத்தியமானார்கள். 2014-ல் குழு அவர் பெயரைப் பரிந்துரைத்தது. அதிபர் பெனிக்னோ அக்கினோ அதை மட்டும் எடுத்துவிட்டு மற்றவர்களுக்குக் கையெழுத்துப் போட்டார். கேள்வி கிளம்பியதும் காரணம் சொன்னார்: 2005-ல் லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் நடிகைமேல் வந்த போதைப்பொருள் வழக்கு. அப்படிப்பட்டவரைத் தேசியக் கலைஞராக்கினால் தப்பான செய்தி போகும் என்பது அவர் நிலை.

கலைச் சாதனைக்கான விருதா, நன்னடத்தைச் சான்றிதழா என்று கேட்டார்கள் கலைஞர்கள். எனக்கும் அதே கேள்விதான். அதே சமயம் அக்கினோவின் காரணத்தில் ஒளிவுமறைவு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தனக்கு வேண்டப்பட்ட யாரையும் அவர் அந்த இடத்தில் நுழைக்கவில்லை. சட்டப்படியும் அவர் எல்லையைத் தாண்டவில்லை. ஓராண்டுக்கு முன் வந்த தீர்ப்பே, பரிந்துரையை ஏற்காமல் விட அதிபருக்கு உரிமை உண்டு என்றல்லவா சொல்லியிருக்கிறது?

2018-ல் அடுத்த அதிபர் துதெர்தேயின் பட்டியலிலும் நோரா இல்லை. கடைசியில் 2022 ஜூனில், துதெர்தே பதவியிலிருந்து இறங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன், மற்ற ஏழு பேரோடு சேர்த்து அவருக்கும் விருது வந்தது. 2025 ஏப்ரலில் காலமானபோது அரசு மரியாதையோடு வீரர்கள் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். முதல் பரிந்துரைக்கும் கையெழுத்துக்கும் நடுவே எட்டு ஆண்டு.

பெயரைச் சேர்ப்பதைத் தடுக்க விதி இருக்கிறது, நீக்குவதைத் தடுக்க இல்லை என்றால், விதியைத் திருத்தி அதிபரின் கையெழுத்தையே எடுத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். எடுத்துவிட்டால் அது ஒரு கலை அமைப்பின் விருதாகிவிடும். அரசு இறுதி மரியாதையும் மாதப் பணமும் எந்த அடிப்படையில் கொடுப்பது என்று நாடாளுமன்றத்தில் கேள்வி எழும். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம். மறுக்கும் உரிமை அதிபரிடமே இருக்கட்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில், இத்தனை நாளைக்குள், பொதுவில் வெளியிட வேண்டும் என்று ஒரு வரி இருந்தால் போதும். அக்கினோ தானாகச் சொன்னதை எல்லோரும் சொல்லியே ஆக வேண்டும் என்று ஆக்குவதுதான் இது. அப்படி ஒரு வரி 2009-ல் இருந்திருந்தால், 19 ஓட்டு வாங்கியவரை ஏன் அடித்தீர்கள் என்ற கேள்விக்கு மாளிகை ஏதாவது எழுதித் தந்திருக்க வேண்டும். அதைப் படிக்க நிறையப் பேர் காத்திருந்திருப்பார்கள்.